தெரியாத சொல்லுக்குக் கீழே என் கையெழுத்து

அர்த்தம் தெரியாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதுவும் என் அறைத்தோழிக்கு எதிராக. எத்தனை முறை நினைத்தாலும் ஆறவில்லை. டிப்ளமோ படித்தவள், கம்பெனியில் எங்கள் லைனிலேயே இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பேர் வாங்கியவள், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அந்த இங்கிலீஷுக்காகத்தான் என்னை உக்ரைன் பெண்ணுக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். பென்னலூர் பக்கம் எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின்களை நிறுவ வந்த இன்ஜினியர். என் வயதுதான் இருக்கும். ஏதோ பெரிய இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டில் எப்போதும் ஒரு கட்டு அட்டை. ஒரு பக்கம் கடினமான இங்கிலீஷ் சொல், மறுபக்கம் அவள் மொழியில் அர்த்தம். டீ நேரத்தில் இருவரும் சேர்ந்து படிப்போம். அவள் எழுத்துக்குக் கீழே நான் தமிழில் எழுதிக்கொள்வேன். கோபத்துக்கு மட்டும் ஏழு அட்டை வைத்திருந்தாள். எதற்கு இத்தனை என்று கேட்டால், ஒவ்வொரு கோபமும் வேறு என்பாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அவளிடம் ஒரு பழக்கம். தெரியாத சொல் வந்தால், பேசுவது யாராக இருந்தாலும் கையைத் தூக்கி நிறுத்திவிடுவாள். ஒரு மீட்டிங்கில் பிளான்ட் மேனேஜரையே நிறுத்தி, "இந்தச் சொல் எனக்குத் தெரியாது. விளக்குங்கள்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே விளக்கினார். அதே சொல்லுக்குத்தான் நாங்கள் எட்டுப் பேர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருந்தோம். எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது.

என் அறைத்தோழி தென்காசிக்காரி. தகட்டில் துளை போடும் பஞ்சிங் மெஷினில் அவளுடைய வலது கை விரல்கள் இரண்டு நசுங்கின. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. சூப்பர்வைசருக்கும் தெரியும். "பார்த்து ஓட்டு, டார்கெட் முடியட்டும்" என்று சொன்னதே அவர்தான். மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"நீதான பக்கத்துல இருந்த?" என்றார் அங்கிருந்த அதிகாரி. "ஒன்னியும் இல்லம்மா, ஃபார்மாலிட்டி. நீ பார்த்ததா எழுதி வச்சிகீது. சைன் பண்ணிட்டுப் போய்க்கினே இரு."

முழுக்க இங்கிலீஷ். அவள் பெயர் புரிந்தது, சென்சார் புரிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் கரடுமுரடான சொற்கள். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே" என்று வேறு சொன்னார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? போட்டேன். வெட்கத்துக்குப் பயந்து போட்டேன். போனில் மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மதியம் கேன்டீனில் அதை உக்ரைன் பெண்ணிடம் காட்டினேன். ஒரு சொல்லில் விரலை வைத்தாள்: 'சர்கம்வென்ட்'. அட்டைக் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்தாள். சுற்றி வளைத்துத் தப்பிப்பது, ஏமாற்றுவது. சென்சாரை உன் தோழியே வேண்டுமென்று ஏமாற்றினாள், நீ அதைக் கண்ணால் பார்த்தாய் என்று எழுதியிருக்கிறது, இதை வைத்து அவளை வேலையை விட்டே எடுக்கலாம் என்றாள்.

"பார்த்தாயா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் கையெழுத்து? ஏன் கேட்கவில்லை?"

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! "நீங்க கேட்டா அது சந்தேகம் மேடம். நான் கேட்டா எனக்குத் தகுதியில்லைன்னு அர்த்தம்!" என்று தமிழிலேயே கத்தினேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "அது உண்மைதான். ஆனால் வேலை போகப்போவது உனக்கு இல்லையே" என்றாள். அவள் மேல் எரிச்சலாக வந்தது. சரியாகச் சொன்னதால்தான் எரிச்சல்.

விபத்து பற்றிய கம்பெனி விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் காலையில் அறைத்தோழிக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கை ஆறினா வேற லைன்ல போடுவாவ, என்னட்டி?" என்று கேட்பாள். "போடுவாங்க" என்பேன். சீப்பு என் கையில்தான் இருந்தது, சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ச்சீ!

விசாரணையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி என் வாக்குமூலத்தை இங்கிலீஷில் படித்துவிட்டு, "சரிதான?" என்றார்.

கையைத் தூக்கினேன். "சர்கம்வென்ட்னா என்ன சார்? தமிழ்ல சொல்லுங்க."

தாளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "அது... லீகல் வார்த்தைம்மா. பழைய ரிப்போர்ட்ல அப்படித்தான் வரும்." பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நீ, தெரியாமயா சைன் போட்ட?"

"ஆமா சார். நான் தெரியாமப் போட்டேன், நீங்க தெரியாம எழுதினீங்க. நடுவுல போகப்போறது இவ வேலை!" அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. சென்சார் செத்த கதை, சூப்பர்வைசர் சொன்னது, எல்லாம் கொட்டினேன். எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

எழுதினார்கள். அவள் வேலை தப்பியது. பேக்கிங்கில் போட்டார்கள்.

வெளியே வந்ததும் அவள் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். எவ்வளவு திமிர் எனக்கு! அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு நாளா எனக்குத் தல பின்னிவிடுத. ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

மறுநாள் காலை அவள் இடது கையால் தானே வாரிக்கொண்டிருந்தாள். நான் சீப்புக்குக் கை நீட்டினேன். "வேண்டாம்" என்றாள். பின்ன வரவில்லை. ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்து எப்படியோ ஒரு கோணல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். திட்டு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது, என்னை மன்னிக்காதே என்று மனதுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுந்துபோய் அதைச் சத்தமாகச் சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.