பிஹோர் பின்னிய பாய்

பிஹோர் எங்கள் பாலைவனத்துக்குத் துறவியாக வந்தபோது அவருக்கு வயது இருபது. அதன்பின் நாற்பத்தோரு வருடம் அவர் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாயைக் கொடுப்பார், காய்ந்த ரொட்டியை வாங்கிக்கொள்வார். ஆராதனைக்கு முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு வருவார். அடுத்த அறையில் இருந்த நானே அவர் முகத்தைப் பார்த்தது இரண்டு முறைதான்.

அவருடைய பாயை மட்டும் எல்லோருக்கும் தெரியும். பேரீச்ச ஓலைப் பாயின் ஓரத்தை நாங்கள் உள்பக்கம் மடித்து முடிப்போம். அவர் வெளிப்பக்கம் மடிப்பார். சொன்னால், அடுத்த பாயில் திருத்திக்கொள்வதாகச் சொல்வார்.

நதிக்கரையில் தெமீனே என்ற ஊர். பக்கத்து ஊரில் ஒரு புனிதரின் எலும்பும் வருடாவருடம் திருவிழாவும் உண்டு, தெமீனேயில் இல்லை. அதனால் ஊர்த்தலைவர் கொலூத்தோஸ் பிஹோருக்குக் கல்லறைக் கோயில் ஒன்றை முன்கூட்டியே கட்டிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை பருப்போடு வந்து ஜன்னலருகே நின்று இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பார். குறைந்திருக்கிறது என்று பதில் வந்தால் முகம் வாடும்.

"என்னை மணல்ல பொதைச்சிடு. அடையாளம் வைக்காத," என்றார் பிஹோர் என்னிடம். "உசுரோட இருக்கறப்பவே கதவு தொறக்கல. செத்தப்புறம் நாள் பூரா தொறந்து கெடக்கணுமா?"

எங்களில் ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றிப் புதைக்கும் பாயைத் தானே பின்னி வைத்துக்கொள்வது வழக்கம். ப்சோத்தே என்ற துறவிக்கு மற்றவர்களைக் குறை சொல்லவே நேரம் சரியாக இருந்ததால் பாய் பின்னாமலே இறந்துபோனார். பிஹோர் தன் பாயைக் கொடுத்தார். புதைத்தோம்.

துறவி ஒருவர் இறந்த செய்தி தெமீனேக்கு எட்டியது. நாங்கள் ஞாயிறு ஆராதனையில் இருந்தபோது கழுதைகளோடு வந்து தோண்டினார்கள். வெளிப்பக்கம் மடித்த ஓரத்தைப் பார்த்து அழுதார்கள். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே மாதத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் குணமாயிற்று.

தன் பெயரில் பொய் நடக்கக்கூடாது என்று பிஹோர் தெமீனேக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் கொலூத்தோஸிடம், தான்தான் பிஹோர் என்றார்.

"பெரியவரே, இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. எங்க புனிதருக்கு இருமல் உண்டு. உங்களுக்கு இல்லியே."

"போன மாசம் சரியாயிடுச்சு."

கொலூத்தோஸ் நனைத்த ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். "ஓரத்த முடிச்சுக் காட்டுங்க. பாத்துக்கறோம்."

பிஹோர் ஓலையைக் கையில் எடுத்தார். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். பெண்கள் வரிசையாகக் கல்லறையை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்லைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பிஹோர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஓரத்தை உள்பக்கம் மடித்து அழகாக முடித்தார்.

இந்த வயதில் பொய் வேண்டாம் என்று கொலூத்தோஸ் புத்தி சொல்லி, அத்திப்பழம் கொடுத்து அனுப்பினார்.

வழியில், செய்தது சரியா என்று கேட்டேன்.

"வாயால நெசத்தச் சொல்லிட்டேன்," என்றார். "ஓரத்த ஒழுங்கா மடிக்கச் சொன்னது நீங்கதான."

இரண்டு வருடம் கழித்து அவரை மணலில் புதைத்தேன். அடையாளம் வைக்கவில்லை. ப்சோத்தே இப்போதும் காய்ச்சலைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறார்.