தாம்பரத்தில் ஓடினால் ரயிலுக்குத்தான்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. காலை மணி ஆறு இரண்டு. இருபத்திரண்டு டிகிரி; லேசான பனி, காற்று இல்லை. மேற்குத் தாம்பரத்தில் மகன் வீட்டு வாசலில் நின்று ஷூ கயிற்றை இரண்டாம் முறையாகக் கட்டினேன்.

தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐந்து பேர் அடுத்த மாதம் வெள்ளியங்கிரி மலை ஏறுகிறார்கள். ஆறாவது ஆளாக நானும் போக ஆசை. எனக்கு எழுபத்தொன்று. மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

"இருபது நிமிஷம் நிக்காம ஓடிக் காட்டுங்கப்பா. அப்புறம் எந்த மலை வேணும்னாலும் ஏறுங்க."

வேன் பேச வேண்டும் என்பதால் அன்று மாலைக்குள் நண்பர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முடிச்சூர் சாலையில் ஸ்டேஷன் பக்கமாக ஓடினேன். நாய்களை நினைத்துத்தான் ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டிருந்தேன். பதினொரு நாய்கள் எதிர்ப்பட்டன; ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. தொந்தரவு மனிதர்களிடமிருந்து வந்தது.

நாலாவது நிமிடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் உருண்டு வந்தது. "ஸ்டேஷனா சார்? ஏறுங்க, ஒரு சீட் கீது." கையை ஆட்டி மறுத்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் பைக்கில் வந்த ஒருவர், "வண்டி போயிடும் சார், பின்னாடி உக்காருங்க" என்றார். பேசினால் மூச்சு வாங்கும் என்று சிரித்துவைத்தேன்.

பதினாலாவது நிமிடத்தில் ஒரு மாநகரப் பேருந்து என்னைத் தாண்டிப் போய் நின்றது. நிறுத்தமே இல்லாத இடம். கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"ஓடாத பெருசு, வண்டி நிக்குது இல்ல! ஏறு, ஏறு!"

"நான் சும்மா ஓடறேன்பா!"

"சும்மா ஓடறாராம்! காலங்காத்தால இன்னா காமெடி பண்ணிகினு கீற?"

படியில் நின்ற இருவர் எனக்கு இடம் விட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கியும் விட்டார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் எனக்காகக் காத்திருக்கும்போது, வேண்டாம் என்று திரும்பி ஓட எனக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னலோரப் பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்கண்ணா. கவலைப்படாதீங்க, ட்ரெயினைப் பிடிச்சிடலாம்."

எந்த ட்ரெயினை? நான்கு நிமிடத்தில் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார்கள். "ஓடு பெருசு, ஓடு!" என்று கண்டக்டர் உற்சாகமாக விசிலடித்தார். அவர் மனம் நோகக் கூடாதே என்று படிக்கட்டு வரை ஓடினேன்.

அங்கே நின்று கணக்குப் பார்த்தேன். நிற்காமல் என்பது நிபந்தனை. ஓடிய பதினாலு நிமிடமும் வீண். மறுபடி பூஜ்யம். வந்த வழியே கிளம்பினால் இன்னொரு பஸ் நின்று தொலைக்குமோ என்று பயமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: காலையில் இந்த ஊரில் ஓடுகிற எல்லோரும் ஸ்டேஷனைப் பார்த்து ஓடுகிறார்கள். ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி ஓடுபவனை யார் ஏற்றப் போகிறார்கள்?

கிளம்பினேன். யாரும் ஏற்றவில்லை. எதிரே வேகமாக வந்த ஒரு பெண் மட்டும், நிற்காமலே, "மந்த்லி பாஸை மறந்துட்டீங்களா சார்?" என்று பரிதாபப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பதினேழாவது நிமிடத்தில் இடது முழங்கால் முனகியது. முனகட்டும் என்று விட்டேன். வீட்டு கேட்டைத் தொட்டபோது இருபத்திரண்டு.

மகன் கேட்டருகே நின்றிருந்தான். "எங்கப்பா போனீங்க? எவ்ளோ நேரம்?"

"நிக்காம இருபத்திரண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி பஸ்ல போனேன்."

எல்லாவற்றையும் சொன்னதும் அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேன்ல ஆறு பேர்னு சொல்லிடுங்க" என்றான்.

தெருமுனையில் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். ஒன்று ஐம்பது ரூபாய், அநியாய விலை. காசு நான்தான் கொடுத்தேன். பஸ் டிக்கெட் ஐந்து. ஆக மொத்தம் நூற்றைந்து ரூபாய்.