தும்புத்தடி மிஸ்ஸி

உச்சமுனைத் தீவில் பிரான்சிஸ்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவளுடைய அப்பா இன்னாசிப்பிள்ளை. தம்பி வின்சன்டுக்கும் தங்கை டிலுக்ஷிக்கும் அவள் அக்கா. மற்ற எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி; நேர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு, கலியாணம் இல்லை, நாக்கில் கொஞ்சம் உப்பு கூட. தாய் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான், தம்பியை அடித்து வளர்த்ததும் அவள்தான்.

தினமும் காலையில் வெள்ளைச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போட் ஏறிக் கற்பிட்டிக்குப் போவாள். அங்கே ஒரு டாக்டரின் தனியார் டிஸ்பென்சரியில் பதினாலு வருடமாக வேலை. திருக்கை முள் குத்தியவன், தூண்டில் கையில் ஏறியவன், காய்ச்சல் பிள்ளையோடு வருகிற தாய், எல்லாரும் டாக்டரைத் தேட முதல் மிஸ்ஸியைத்தான் தேடுவார்கள். ஊசி குத்தினது தெரியாது என்பார்கள். அது பொய்யில்லை, அப்படிப்பட்ட கை அவளுக்கு.

ஆனால் ஒரு விஷயம் ஊருக்குத் தெரியாது. அவள் நேர்ஸ் இல்லை.

நேர்ஸ் என்றால் முறையாகப் படித்து, கொழும்பில் தாதிமாரைப் பதிகிற கந்தோரில் பெயர் பதிந்து, ஒரு நம்பர் எடுத்திருக்க வேண்டும். பிரான்சிஸ்கா எந்தத் தாதியர் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. இருபத்திரண்டு வயதில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் போனவள். டாக்டர் ஒரு நாள் கட்டுப் போடச் சொன்னார், போட்டாள். பிறகு ஊசி போடக் காட்டித் தந்தார், பழகிக்கொண்டாள். பதிவைப் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் பிறகு சரியாகும் பிள்ள என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

பரிசோதனைக்கு ஆட்கள் வருவதும் உண்டு. அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. டிஸ்பென்சரிக்கு எதிரே நூஹு நானாவின் தேத்தண்ணிக் கடை. சந்தியில் சுகாதாரக் கந்தோர் ஜீப் திரும்புவது அவருக்குத்தான் முதலில் தெரியும். உடனே அவர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி கத்துவார்: "மிஸ்ஸி, இஞ்சிப் பிளேன்டி வருது!" அவ்வளவுதான். பிரான்சிஸ்கா வெள்ளைச் சட்டையைக் கழற்றி மருந்து அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு, மூலையில் கிடக்கிற தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்குவாள். நேர்ஸ் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். வருகிற கிழமை ஒருத்தி வருகிறாள் என்று டாக்டர் சொல்வார். அவள் அவர்களுடைய சப்பாத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு இன்ஸ்பெக்டர் கதிரைக்குக் கீழே விரலை நீட்டி, அங்கேயும் குப்பை கிடக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். அவள் அதையும் கூட்டினாள்.

இதைக் கேட்டுவிட்டு அவளைக் கள்ளி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்தச் சம்பளத்தில்தான் டிலுக்ஷி உயிரியல் படித்தாள்.

2017இல் டிலுக்ஷிக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. மூன்று பாடமும் பாஸ், ஆனால் சாதாரண சித்திதான். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானிப் பத்திரிகையில் அழைப்பு வர வேண்டும். அது எப்போது வரும், வந்தாலும் இந்தப் பெறுபேற்றுக்கு இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் நிலுக்சன். சிலாபத்துப் பையன், கழுத்தில் டை, தமிழும் சிங்களமும் எண்ணெய் போட்டது போல ஓடும். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பிள்ளைகளைச் சேர்த்து விடுகிறவன். மூன்று வருடப் படிப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தாதியர் பட்டம், பதினாறு லட்சம், முதலில் நாலு லட்சம் கட்டினால் போதும் என்றான்.

வின்சன்டிடம் இருந்தது ஒரு போட்டும் ஒரு என்ஜினும். என்ஜினை விற்றுவிட்டு வேறு ஆளுடைய போட்டில் பங்குக்குப் போவதாக அவன் அன்றே சொல்லிவிட்டான். தங்கச்சி மேல் அவனுக்கு அவ்வளவு பாசம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா என்று பிரான்சிஸ்கா கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

நிலுக்சன் கொடுத்த கல்லூரிப் புத்தகத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள். அங்கீகாரம் பெற்றது என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. யாருடைய அங்கீகாரம் என்பது ஒரு இடத்திலும் இல்லை. படித்து முடித்தால் பிள்ளைக்குக் கொழும்புக் கந்தோரில் நம்பர் கிடைக்குமா என்று நிலுக்சனிடமே கேட்டாள்.

"அதெல்லாம் முடிக்கிறதுக்குள்ள சரியாகும் மிஸ்ஸி. நீங்களே நேர்ஸ், உங்களுக்குத் தெரியாததா?" என்றான் அவன்.

சரியாகும் என்ற அந்தச் சொல்லை அவள் பதினாலு வருடத்துக்கு முன்னமே கேட்டிருந்தாள். அடுத்த லீவு நாளில் முதல் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனாள்.

பதிவுக் கந்தோரில் ஒரு நடுத்தர வயதுச் சிங்கள நோனா இருந்தாள். பிரான்சிஸ்கா சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினாள். நோனா கல்லூரியின் பெயரைத் தன்னுடைய பட்டியலில் மேலிருந்து கீழாகத் தேடினாள். இல்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் படித்து முடித்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம், பார்த்துத்தான் முடிவு சொல்வோம், கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். இந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவரும் பதிந்ததாக ஏட்டில் இல்லை என்பதையும் சொன்னாள். நல்ல மனுசி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் பிரான்சிஸ்கா எழும்பும்போது, நீயும் ஆஸ்பத்திரி ஆள் போலத் தெரிகிறாயே, என்ன வேலை என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"கூட்டுற வேலை" என்று பிரான்சிஸ்காவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜீப் வரவில்லை, நூஹு நானா கத்தவில்லை, கையில் தும்புத்தடியும் இல்லை. அப்படியும் அந்தப் பொய் வந்துவிட்டதே என்று புத்தளம் வந்து சேரும் வரைக்கும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. டாக்டர் மேல் கொஞ்சம், தன் மேல் நிறைய.

வீட்டுக்கு வந்து நோனா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். டிலுக்ஷி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பி நின்று சொன்னாள்:

"உனக்கு எரிச்சல் அக்கா. இந்தத் தீவில நீ மட்டுந்தான் மிஸ்ஸியா இருக்க வேணும். நான் டிகிரியோட வந்து நிண்டா உன்ட மவுசு போயிரும், அதான?"

பிரான்சிஸ்காவிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் பதினாலு வருடம் மூடி வைத்ததெல்லாம் வெளியே வரும். ஊர்த் தேத்தண்ணிக் கடையில் குந்திக்கொண்டு என்ட மகள் நேர்ஸ் என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொல்லுகிற அப்பா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வேலையும் போகும். அவள் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். மூன்று நாள் டிலுக்ஷி அவள் சமைத்ததைத் தொடவில்லை. அடுத்த வீட்டில் பாணும் சம்பலும் தின்றாள். படிச்ச அக்காக்காரி தங்கச்சியைப் படிக்க விடுகிறாள் இல்லை என்று ஊரும் சொல்லத் தொடங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதற்கிடையில் நிலுக்சன் மறுபடி வந்தான். தீவில் இன்னும் மூன்று பிள்ளைகள் சேர யோசித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிய கோயில் முற்றத்தில் ஒரு கூட்டம் வைக்கிறேன், மிஸ்ஸி வெள்ளைச் சட்டையோடு வந்து நல்லதாக நாலு வார்த்தை கதைத்தால் டிலுக்ஷியின் காசில் ஐம்பதாயிரம் குறைப்பேன் என்றான். வீடே அவள் முகத்தைப் பார்த்தது. வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு டிலுக்ஷி அவள் சமைத்த சோற்றைத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கதிரை போட்டிருந்தார்கள். வின்சன்டின் சட்டைப்பையில் என்ஜினை விலை பேசி வாங்கிய முற்பணம். பிரான்சிஸ்கா வெள்ளைச் சட்டை போடவில்லை. வீட்டில் உடுக்கிற பூப்போட்ட சட்டையோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். நிலுக்சனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் கெட்டிக்காரன், சமாளித்துக்கொண்டு, வெளியே எங்கே தேடுகிறீர்கள், உங்கள் மிஸ்ஸியைப் பாருங்கள், மூன்று வருடத்தில் உங்கள் பிள்ளைகளும் இவரை மாதிரி வருவார்கள் என்றான்.

பிரான்சிஸ்கா எழும்பினாள்.

"என்னை மாதிரி வாறதுக்குப் பதினாறு லட்சம் எதுக்கு? எனக்குப் பதிவு இல்ல. நம்பர் இல்ல. நான் ஒரு இடத்திலயும் நேர்ஸுக்குப் படிக்கல்ல. இன்ஸ்பெக்டர் வந்தா வெள்ளைச் சட்டையக் கழட்டி ஒளிச்சுப்போட்டுத் தும்புத்தடியத் தூக்கிக் கூட்டுவன். பதினாலு வருசமா கூட்டுறன். நம்பர் இல்லாத நேர்ஸுக்குக் கிடைக்கிறது அந்தத் தும்புத்தடிதான். அதுக்கு என்ஜின விக்கத் தேவையில்ல, சும்மாவே கிடைக்கும். விருப்பமானவங்க நாளைக்கு வாங்க, நானே பழக்கித் தாறன்."

பின்வரிசையில் ஒரு தாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அப்போ என் பிள்ளைக்கு ஊசி போட்டது யார் என்று கேட்டாள். நான்தான், பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான், அந்தா மதில் ஏறுகிறான் பார் என்றாள் பிரான்சிஸ்கா. இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னாசிப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் எழும்பி, தடியை ஊன்றிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அவள் நிலுக்சன் பக்கம் திரும்பினாள். "இந்தப் புள்ளைகளுக்கு நம்பர் கிடைக்கும், கிடைக்காட்டிக் காசு திரும்ப வரும். இத ஒரு கடுதாசியில எழுதி ஒப்பம் வைச்சுத் தாங்க தம்பி. என்ட தங்கச்சிக்கு இப்பவே கட்டுறம்."

அப்படி எழுதுகிற அதிகாரம் தலைமைக் கந்தோருக்குத்தான் இருக்கிறது என்று அவன் தொடங்கினான். வெளிநாடு, எதிர்காலம் என்று இன்னும் நிறையச் சொன்னான். அந்த நேரம் டிலுக்ஷி எழும்பினாள். அவள் முகம் அழுத முகமாக இருந்தது.

"நம்பர் கிடைக்குமா, கிடைக்காதா, அண்ணா? அத மட்டும் சொல்லுங்க."

நிலுக்சன் போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு ஒன்றும் வந்திருக்கவில்லை. வின்சன்ட் சட்டைப்பையின் மேல் கையை வைத்தவன் கூட்டம் கலையும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. மற்ற மூன்று குடும்பத்தில் இரண்டு குடும்பம் பிறகு பார்ப்போம் என்று எழும்பிப் போனது. ஒரு குடும்பம் அன்றே கட்டியது. பிரான்சிஸ்கா ஆளைப் பிடித்தா நிறுத்த முடியும்?

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். கதை அவளுக்கு முன்னமே போட் ஏறிக் கற்பிட்டிக்குப் போயிருந்தது. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, சோறு போட்ட இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே என்று ஏசினார். உன்னை நம்பி உனக்குத் தொழில் காட்டித் தந்தேனே என்றார். அதுவும் உண்மைதான். அவள் அதை மறுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்:

"பதினாலு வருசமா நான் இங்க ரெண்டு வேலை பார்த்தன் டாக்டர். நேர்ஸ் வேலையும் கூட்டுற வேலையும். சம்பளம் ஒண்டுதான் தந்தீங்க. மற்றத எப்ப தாறீங்க?"

அவர் தரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்துக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள். வெள்ளைச் சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். எதிர்க்கடையில் நூஹு நானா காசு வாங்காமல் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இனி நான் யாருக்கு இஞ்சிப் பிளேன்டி என்று கத்துவது மிஸ்ஸி என்று கேட்டார். இஞ்சிப் பிளேன்டியே இது வரைக்கும் எனக்கு ஒரு நாளும் தரவில்லையே நானா என்றாள். மனுசன் வெட்கப்பட்டுப் போய் அன்று உண்மையாகவே இஞ்சி இடித்தார்.

இன்னாசிப்பிள்ளை மகளோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கிய பிறகும் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மகளைப் பற்றிப் பேச்செடுப்பதை விட்டுவிட்டார். பிரான்சிஸ்காவுக்கு அது வலித்தது. வேலை போனதைவிட அதுதான் வலித்தது. ஆனால் சொன்னதை ஒரு நாளும் திரும்ப எடுக்கவில்லை. இப்போது வின்சன்ட் கொண்டுவருகிற மீனைக் கிழித்து உப்புப் போட்டுக் காய வைக்கிறாள். காயத்தோடு கரைக்கு வருகிறவர்கள் இன்னமும் அவளிடம்தான் வருகிறார்கள். எனக்கு நம்பர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, காயத்தைக் கழுவிச் சுத்தத் துணியால் கட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று ஏசி அனுப்புகிறாள். சரி மிஸ்ஸி என்று போகிறார்கள்.

அடுத்த வருடம் வர்த்தமானியில் அழைப்பு வந்தது. டிலுக்ஷி நிலத்தில் குந்திக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினாள். இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் அடுத்ததற்கும் போடுவேன் என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிரான்சிஸ்கா கருவாட்டு மணத்தோடு வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். கோயில் முற்றத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. டிலுக்ஷி நிமிராமலே சொன்னாள்:

"நான் நம்பர் எடுத்தா முதல் ஊசி உனக்குத்தான் அக்கா. நோகக் குத்துவன்."

"குத்து" என்றாள் பிரான்சிஸ்கா. "நம்பரச் சொல்லிப்போட்டுக் குத்து."