மைத்துனன் பிடிக்கும் கயிறு

எங்கள் இல்லத்திற்கும் சங்கு குளிப்பவர் ஒருவரின் குடிலுக்கும் இடையே ஒரு பூவரச மரமே எல்லையாக நின்றது. நாசரேத்திலிருந்து வந்து, அக்கடலோரச் சிற்றூரில் முதன்முதலாக ஆங்கில மருத்துவம் பார்த்தவர் என் தந்தையார். குளிப்பவரின் மனைவி நாள்தோறும் எங்கள் அடுக்களை வாயிலில் மீன் கொணர்ந்து வைப்பாள். தந்தையாரை 'அண்ணாச்சி' என்றே அழைப்பாள். அவரும் ஞாயிறுதோறும் கோயிலில் 'சகோதரரே, சகோதரிகளே' என்று கணீரெனத் திருமறை வாசிப்பவர்தாம்.

குளிப்போரிடையே மாறாத வழக்கம் ஒன்று உண்டு. ஆழத்தில் இறங்குபவனின் கயிற்றைப் படகிலிருந்து அவன் மனைவியின் உடன்பிறந்தான் மட்டுமே பிடிக்க வேண்டும். தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனும் கயிற்றை நழுவவிடான் என்பது அவர்தம் துணிபு.

ஒருநாள் காலை அக்குளிப்பவரைத் தந்தையாரின் மருத்துவமனைக்குக் கட்டிலோடு தூக்கி வந்தனர். குடலிறக்கம் முற்றி, இறங்கிய குடல் இறுகிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து உடனே அறுத்தாக வேண்டும் என்றார் தந்தையார்.

"மயக்கம்னா மூச்சடக்கிக் கீழ போறதுதான டாக்டரையா? மச்சான் வரட்டும். அவன் கயித்தப் பிடிச்சாத்தான் நான் முங்குவேன்."

மச்சானோ கடலில் இருந்தான்; பொழுது சாயாமல் கரை திரும்பான்.

"ஏலே, இது என்ன கடலா? நான் இருக்கேம்லா!"

வலியிலும் அவருக்குக் குறும்பு குறையவில்லை. "நீங்க இருக்கிய, சரிதான். ஆனா எம் பொண்டாட்டி ஒங்க தங்கச்சி இல்லைலா!"

சூழ்ந்து நின்றோர் சிரித்தனர். அவர் மனைவி சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து கயிற்றை எடுத்து வந்து கணவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தந்தையாரிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, இத ஒங்க இடுப்புல கட்டிக்கிட்டு அறுங்க. இவ எந்தங்கச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவுக சம்மதிப்பாவ."

கட்டிலில் கிடந்தவரும் சரியெனத் தலையசைத்தார்.

கூட்டத்தில் எங்கள் உறவினர் சிலரும் நின்றனர். தந்தையார் கயிற்றைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "ஆசுபத்திரில என்ன கூத்து இது?" என்று உள்ளே சென்றுவிட்டார். நீட்டிய கை நெடுநேரம் நீட்டியபடியே இருந்தது.

மச்சான் வந்து சேர்ந்தபோது விளக்கேற்றியாயிற்று. அவன் கயிற்றைப் பிடித்தான், தந்தையார் அறுத்தார். கை தவறவில்லை, காலம் தவறியிருந்தது. குடல் கருத்துப்போயிருந்தது. குளிப்பவர் கண் விழிக்கவேயில்லை.

அடுத்த தைமுதல், உடன்பிறந்தாளுக்கு அண்ணன் அனுப்பும் பொங்கல்படியைத் தந்தையார் அவளுக்கு அனுப்பலானார். உறவினர் முணுமுணுத்தனர், அவர் செவிகொடுக்கவில்லை. பச்சரிசியும் வெல்லமும் மஞ்சட்கிழங்கும் நிறைந்த ஓலைப்பெட்டியைப் பூவரசைக் கடந்து சுமந்து செல்வது என் வேலை. அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வாள்.

"ஏளா, டாக்டரையா குடுத்துவிட்டாவளா? நல்லாருக்கட்டும்."

திரும்பியதும் தந்தையார் வாயிலிலேயே நிற்பார். "என்னளா சொன்னா?"

ஊரில் எங்கள் மதிப்பு உயர்ந்துவிட்டது என்றே நான் நம்பியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு தையிலும், பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெருமை பொங்க அவரிடம் சொன்னேன்:

"அவுக இப்பல்லாம் ஒங்கள அண்ணாச்சின்னு சொல்லுததே இல்லப்பா. டாக்டரையான்னுதான் சொல்லுதாவ."