அமலண்ணாவின் பெடல் பலகை

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மண்டபத்து மேனேஜர் மேடையோரம் வந்து, "ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்ல இருந்து உங்களுக்குப் போனுங்க" என்றார். ஓடிப்போய் எடுத்தேன். அமலண்ணாவின் மனைவி ஸ்டெல்லா பேசினாள். "அக்கா, அவருக்கு மூச்சு நின்னுபோச்சுங்க அக்கா." "ஐயோ, பாவி மனுசா!" என்று ரிசீவரிலேயே கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே மேடையில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்று டூயட் பாடினேன். எங்கள் பிழைப்பு அப்படி.

எங்கள் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்த அமல்ராஜை மேடையில் பார்த்தவர்களுக்கு அவருடைய பெடல் பலகை கட்டாயம் ஞாபகம் இருக்கும். ஒரு பழைய கதவுப் பலகை, அதன்மேல் ஆணியடித்த கறுப்புத் துணி, வரிசையாகச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள், அவைதான் பெடல்கள். ஒவ்வொன்றையும் அடுத்ததோடு சேர்க்கும் குட்டை வயர்கள். கிதாரின் சத்தம் அத்தனை பெட்டிக்குள்ளும் நுழைந்து வெளியேறித்தான் ஸ்பீக்கருக்குப் போகும். ஷூவின் நுனியால் ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரிடம் இரண்டு பெடல்கள்தான் இருந்தன. பிறகு மளமளவென்று பெருகின. சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் ஒரு பெடல் வாங்கி வரச் சொல்லுவார்.

நான் சும்மா விடுவேனா? "என்னங்கண்ணா, இன்னொரு அடுப்பு வெச்சுட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேட்பேன். "விருந்துக்கு ஆளு கூடிப்போச்சுங்க அம்மணி" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மனுசருக்கு ஷோக்கு முற்றிவிட்டது என்று குழுவில் எல்லோருமே பேசிக்கொண்டோம்.

அவிநாசியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறை வாசலில் என்னைக் கூப்பிட்டு வலது கையை நீட்டினார். "இந்தக் கைப் பட்டனைக் கொஞ்சம் போட்டு உடுங்க அம்மணி" என்றார். "ஏன், மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேலி செய்துகொண்டே போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கண் கலங்கியிருந்தது. இடது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிந்திருந்தது. "நரம்பு சாவுதுங்களாம். மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. கையோட நிக்காதாம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. கம்பியை அழுத்தும் விரல்களில் பலம் குறையக் குறைய ஒவ்வொரு பெடலாக வாங்கியிருக்கிறார். சஸ்டெயின் என்ற பெடல் சோர்ந்து எழும் ஸ்வரத்தையும் நீட்டிப் பிடித்து நிறுத்தும். டிலே என்ற பெடல் ஒருமுறை தட்டிய ஸ்வரத்தை மறுபடி மறுபடி திருப்பித் தரும். முன்பு எட்டு ஸ்வரம் வாசித்த இடத்தில் இரண்டை மட்டும் வாசித்துவிட்டு, மிச்சத்தைக் காலால் வாசித்துக்கொண்டிருந்தார். "விரலு ஒண்ணு போனா பெடலு ஒண்ணு வருதுங்க. காலு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். குழுவின் சொந்தக்காரரான ரங்கண்ணன்தான் கீபோர்டும் வாசிப்பார். கிதார் சத்தமும் வரக்கூடிய புதுக் கீபோர்டு ஒன்றை அவர் அப்போதுதான் இறக்கியிருந்தார். "அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே என்னை ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாருங்க. மேடை இல்லீனா நான் செத்த மாதிரிங்க. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றார் அமலண்ணா. நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மேடையிலும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

பிறகு வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆயுத பூஜைக் கச்சேரி. சாயங்காலம் மில் வாசலில் மேடை. உள்ளே அத்தனை மிசினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மில் முதலாளி தங்கமான மனிதர். பூஜைத் தட்டோடு மேடைக்கே வந்துவிட்டார். வரிசையாக விளக்கு எரியும் பலகையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க தம்பி, இதும் மிசினுதானுங்க? இதுக்கும் ஒரு பூசை போட்டுப்போடலாமுங்க" என்றார். அமலண்ணா பதறி, "அய்யோ, வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்றார். நம் ஊரில் வேண்டாமுங்க என்றால் யார் நம்புகிறார்கள்? காபி வேண்டாமுங்க என்றால் இரண்டு டம்ளர் வரும் ஊர் இது. "அட, சங்கோசப்படாதீங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவிங்கன்னா என்னங்க, தொழிலு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே பலகை ஓரத்தில் ஒரே போடாகத் தேங்காயை உடைத்தார். தண்ணீர் அத்தனை பெட்டிமேலும் கொட்டியது. மீதியையும் அன்பாகத் தெளித்துவிட்டுப் போனார்.

டிலே ஒரு கிறீச்சோடு செத்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக அணைந்தன. என் புடவைத் தலைப்பால் துடைதுடை என்று துடைத்தேன். ஒன்றுக்கும் உயிர் வரவில்லை. அதற்குள் அறிவிப்பாளர் பாட்டைச் சொல்லிவிட்டார். கிதாரில் தொடங்கும் பாட்டு! அமலண்ணா வயரை நேராக ஸ்பீக்கரில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல! முதல் ஸ்வரம் கம்பியில் உரசிக்கொண்டு விழுந்தது. இரண்டாவது எழும்பவே இல்லை. ரங்கண்ணன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், உடனே கீபோர்டில் கிதார் சத்தத்தைப் போட்டு மீதியை வாசித்துவிட்டார். அமலண்ணா சுண்டுவிரலால் கிதாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தார். கச்சேரி முடியும்வரை ஊமைக் கம்பிகளின்மேல் கையை அசைத்துக்கொண்டு நின்றார். ஜனம் விசிலடித்தது. கடைசியில் முதலாளி மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "கித்தாரு பிரமாதமுங்க!" என்றார்.

திரும்பும்போது வேனில் அந்தப் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, "யாருக்குமே தெரியலீங்களே அம்மணி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தெரிந்துவிடுமோ என்றுதானே இத்தனை நாள் செத்துப் பிழைத்தார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ரங்கண்ணனும் கெட்டவர் இல்லை. "நீங்க வந்து நின்னா போதுமுங்க. கிதாரு இல்லாத மேடை நல்லாவா இருக்கும்?" என்றார். அதுதான் கொடுமை. வயர் சொருகாத கிதாரோடு அமலண்ணா கொஞ்ச காலம் வந்து நின்றார். கழுத்தில் மாட்டிய கிதாரைத் தாங்கிப் பிடிக்கக்கூட முடியாமல் போனதும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தார். கை இரண்டும் துணி மாதிரி கிடந்தன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. மூச்சை எண்ணி எண்ணி விடுவது போல விட்டார். இந்த மனுசருக்கு ஏன் இப்படி என்று மாதா படத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "பாடச் சொல்றாருங்க அக்கா" என்றாள். மில்லில் பாடிய அதே பாட்டைப் பல்லவி முடியப் பாடினேன். கிதார் இடையிசை வரும் இடத்தில் நிறுத்தினேன். அறையில் சத்தமே இல்லை. போர்வைக்குள் அவர் வலது கால் நுனி ஒருமுறை அழுந்தியது. நகர்ந்து இன்னொரு முறை அழுந்தியது. முதலில் சஸ்டெயின், அப்புறம் டிலே. எனக்குத் தெரியாதா? அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்க முடியவில்லை, ஒரு தாளம் தள்ளித்தான் எடுத்தேன். அவர் நெற்றியைச் சுளித்தார். உதட்டைக் கூட்டி, பாடுபட்டு, "லேட்டுங்க" என்றார்.

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அந்த ஒரு திட்டைத்தான். நேற்று அன்னூர்க் கச்சேரியில் அதே சரணத்தைத் தாமதமாக எடுத்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.