பின்பக்கச் சேம்பரும் பக்கத்து வீட்டு அக்காவும்

போன ஐப்பசி மழையில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துச் சாக்கடைச் சேம்பர் அடைத்துக்கொண்டது. நான்கு வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துணி துவைக்கும் கல்வரை நின்றது. கம்ப்ளெய்ன்ட் கொடுத்தாயிற்று, ஆள் வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை ஏது? மைன்ஸில் ஃபோர்மேன். அங்கே சேஃப்டி ஷூ இல்லாமல் ஒருவரையும் உள்ளே விட மாட்டார். வீட்டிலோ, ஷூ நாறிப்போகும் என்று கழற்றி வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெடித்த குதிகாலோடு இறங்கி மூங்கில் கழியால் குத்தினார். நான் கத்தியதுதான் மிச்சம்.

அடைப்பு எடுபட்டது. மனுஷர் ஜெயித்த முகத்தோடு குளித்துவிட்டு வந்து காப்பி கேட்டார்.

அடுத்த வாரம் காய்ச்சல் ஆளை அடித்துப்போட்டது. கண் சிவந்துவிட்டது, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினார். டெங்கு என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் பிறந்தவர், மனதில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாதவர்.

"அழுக்குத் தண்ணியில எங்கயாவது நின்னீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க. மழையில நனைஞ்சேன், அவ்வளவுதான்."

நாலு பேர் இருக்கும் இடத்தில் கக்கூஸ் தண்ணீரில் நின்றேன் என்று சொல்ல ஃபோர்மேனுக்கு வாய் வரவில்லை. நான் பேசுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அட, இன்னாங்க நீங்க! வெறுங்காலோட சாக்கடையில நின்னுகினு குத்தினாருங்க டாக்டர். எங்க வூட்டு ஜன்னல்லருந்து நானே பாத்தேன்!"

டாக்டர் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தையும் ஆரம்பித்துவிட்டார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் உள்ளே போகக் காலில் ஒரு சின்ன வெடிப்பு போதுமாம். தள்ளிப்போட்டிருந்தால் கிட்னியையே பாதித்திருக்குமாம். இனி அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், தவிர்க்க முடியாமல் போனால் முழங்கால் பூட்ஸும் கையுறையும் வேண்டும், காயத்தை மூட வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்றார். பின்வாசலில் நின்று நான் கத்தியதும் ஏறக்குறைய இதுதான். டாக்டர் சொன்னால்தான் காதில் ஏறுகிறது.

பரிசோதனையிலும் எலிக்காய்ச்சல்தான் என்று வந்தது. தேறி வீட்டுக்கு வந்த அன்று, யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் தானாகவே அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். நானும் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நீங்க மட்டும் சொல்லலைன்னா, நான் வெட்கப்பட்டுக்கிட்டே செத்துப் போயிருப்பேன்க்கா."