அக்காவின்ர காளான் கோப்பி

உலகமெல்லாம் இம்யூனிட்டி கூடவேணும் எண்டு ஓடித் திரியுது. எங்கட குடும்பத்தில மட்டும் ஒருத்தன் அது குறையவேணும் எண்டு காலமையும் பின்னேரமும் மருந்துக் குளிசை போடுறான். அவன் என்ர தம்பி. அவனுக்குள்ள வேலை செய்யிறது என்ர கிட்னி. அவன்ர உடம்பு அதைப் பார்த்து "ஆரடா நீ, வெளியில போ" எண்டு கலைச்சுப் போடக்கூடாது, அதுக்குத்தான் அந்தக் குளிசை. காவல்காரனைக் கொஞ்சம் நித்திரையாக்கி வைச்சாத்தான் வந்த விருந்தாளி உள்ளுக்க இருக்கலாம். இதை ஆருக்கும் விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்குச் சீவன் போயிடும். "பாவம், தம்பிக்கு இம்யூனிட்டிக்கு நெல்லிக்காய் குடுங்கோவன்" எண்டுவினம். அவையோட கதைச்சு என்ன பிரயோசனம்?

ஒப்பரேசன் முடிஞ்ச காலத்திலயிருந்து எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு பகிடி. கிளினிக்கால வெளியில வந்த உடன எனக்குப் போன் எடுப்பான். "உன்ர கிட்னி பாஸ்" எண்டுவான். "கவனமா வைச்சிரு, இரவல் சாமான்" எண்டு நான் சொல்லுவன். ஹலோவும் இல்லை, சுகமோவும் இல்லை. அவ்வளவுதான் கதை. அதுக்குப் பிறகுதான் எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கும்.

அவன் கலியாணம் கட்டேல்லை. பேச்சு வந்த காலத்திலதான் கிட்னி வருத்தமும் வந்தது, பொம்பிளை வீட்டார் மெல்லமா விலத்தீட்டினம். கிருலப்பனையில ஒரு வீட்டின்ர மேல்மாடியில இருந்துகொண்டு, கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில ஒரு சட்டத்தரணியின்ர ஒஃபிசுக்கு வேலைக்குப் போறான். நான் வெள்ளவத்தையில. விடியக் குளிசை நேரத்துக்கு ஒருக்கா, பின்னேரக் குளிசை நேரத்துக்கு ஒருக்கா போன் எடுப்பன். "போட்டனியோ?" "போட்டிட்டன்." "தண்ணி குடிச்சனியோ?" "குடிச்சனான், அக்கா." என்ர மனுசன் சொல்லுவார், உனக்கு ஒரு கிட்னி போய் ஒரு குழந்தைப் பிள்ளை வந்திருக்கு எண்டு. சொல்லட்டும். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தாத்தான் தெரியும்.

எங்கள் ரெண்டு பேருக்கும் மூத்தவ ரொறன்ரோவில இருக்கிறா. கிட்னி தேவையெண்டு தெரிஞ்ச அண்டைக்கு முதல்ல "நான் தாறன்" எண்டு போனில குழறினது அவதான். பிளேன் ஏறி வந்தும் விட்டா. சோதிச்சுப் பார்த்தா அவவுக்கு ரத்தத்தில சீனி வருத்தம். நீங்கள் குடுக்கேலாது எண்டு டொக்டர்மார் திருப்பி அனுப்பிப் போட்டினம். பிறகுதான் நான். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கிறேல்லை. நாங்களும் கேக்கேல்லை.

இந்த முறை அக்கா மார்கழியில வந்தா. கொழும்பில விண்டர் எங்க கிடக்கு? ஆனா அந்த மாதத்தில விடியப்புறம் கொஞ்சம் குளிர்காத்து அடிச்சாக் காணும், காலி வீதி பஸ்ஸெல்லாம் தும்மலும் இருமலும். எனக்கு அந்தக் காலம் வந்தாலே இருப்புக் கொள்ளாது. தம்பிக்கு ஒரு சளி தடிமன் வந்தா அது தடிமனோட நிக்காது. அதால அக்காவுக்கு வரமுந்தியே சொல்லிப்போட்டன்: "அவனுக்கு இம்யூனிட்டி இல்லை, பிளேனால இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடிக்காதை, மாஸ்க் போடு." அவவும் சொல்லுக்கேட்டு, ஏர்போட்டில தூர நிண்டு கையை மட்டும் ஆட்டினவ.

கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கையில ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து நிண்டா. சூட்கேஸ் திறந்த அண்டைக்கு வழமையான திருவிழாதான். சொக்லேட், நோவுக்குப் பூசுற தைலம், என்ர அளவுக்கு ஒரு நாளும் சரிவராத சட்டை. அதுகளுக்கு நடுவில ஒரு தகர ரின். வெளியில மரக்கட்டையில பொலிஷ் அடிச்ச மாதிரி மினுங்கிற ஒரு காளான் படம்.

"இது மருந்துக் காளான். ரெய்ஷி, சாகா எல்லாம் கலந்த தூள்" எண்டவ அக்கா. "அங்க விண்டர் தொடங்கினா எனக்குப் பங்குனி மட்டும் இருமல்தானே? இதைக் கோப்பியில கலந்து குடிக்கத் தொடங்கின பிறகு ஒரு தும்மல் இல்லை."

"காளான் எண்டா கறி வைக்கிறதெல்லோ" எண்டு நான் சிரிச்சுப்போட்டு, எனக்கெண்டு வந்த சட்டையைத் தூக்கிப் பார்த்தன். அந்த ரின் அவ தனக்குக் கொண்டு வந்தது எண்டுதான் நினைச்சனான்.

அவ திரும்பிப் போற கிழமை. ஒரு நாள் காலமை இடியப்பமும் சொதியும் கொண்டு அவவின்ர ஃபிளாட்டுக்குப் போனன். பார்த்தா தம்பி வேலைக்குப் போற உடுப்போட மேசையில இருக்கிறான். அக்காவைப் பார்த்திட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறவன் எண்டு எனக்குத் தெரியும், எனக்கும் அது சந்தோசம்தான். அக்கா எனக்கும் ஒரு கோப்பி கொண்டு வந்து தந்தா. ஒரு வாய் குடிச்சன். மழைக்கு நனைஞ்ச மண்ணை நக்கின மாதிரி.

"உதென்ன கோதாரி?"

"காளான் கோப்பி. குடி, இம்யூனிட்டிக்கு நல்லது."

நான் தம்பியின்ர கோப்பையைப் பார்த்தன். அடி தெரிஞ்சுது.

"இவனுக்கும் உதுதானோ குடுத்தனீ?"

"ஓம். வந்த நாளிலயிருந்து நான்தான் கலக்கிக் குடுக்கிறன்" எண்டவ அக்கா, முகமெல்லாம் பூரிப்போட. "நீதானே சொன்னனீ அவனுக்கு இம்யூனிட்டி இல்லையெண்டு. அதுக்குத்தானே தேடித் தேடி வாங்கினனான்."

கோப்பையை மேசையில டக்கெண்டு வைச்சன். "உனக்கென்ன விசரோ அக்கா! அவனுக்கு இல்லாததில்லை, நாங்கள்தான் இல்லாமச் செய்து வைச்சிருக்கிறம்! அது எழும்பினா முதல் கடிக்கிறது கிட்னியைத்தான்!"

"காளான்தானே... இயற்கையான சாமான்..."

"திண்டாச் சாகிற அலரி விதையும் இயற்கைதான்!"

அந்தச் சொல் வாயால வந்த பிறகுதான் எனக்கே காதில விழுந்தது. அக்கா கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அவவின்ர முகத்திலயிருந்து ரத்தம் இறங்கினதை நான் பார்த்தன். பார்த்தும் நான் நிப்பாட்டேல்லை. தம்பியின்ர பக்கம் திரும்பினன்.

"உனக்குத் தெரியாதே? கிளினிக்கில படிச்சுப் படிச்சுச் சொன்னவையெல்லே, கேக்காமல் ஒண்டும் வாயில வைக்காதை எண்டு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே குடிச்சனீ?"

"அக்கா கலக்கித் தந்தவ. குடிச்சனான்." எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சான். "இப்பவே டொக்டருக்குப் போன் எடுக்கிறன். கத்தாதை."

"கத்தாமல்? அது என்ர கிட்னியடா!"

வாசலில குனிஞ்சு சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரேல்லை. "தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்லுறாய்" எண்டு சொல்லிப்போட்டு லிஃப்ட்டுக்கும் நிக்காமல் படியால இறங்கிப் போயிட்டான்.

டொக்டர் உடன நிப்பாட்டச் சொன்னவராம். காளான் தூளுகள் சிலது இம்யூனிட்டியைத் தட்டி எழுப்பும், அதில ஒண்டு நல்ல கிட்னிக்கே அவ்வளவு நல்லதில்லையாம். அடுத்த நாள் காலமை ரத்தம் குடுத்து, கிட்னி வேலை செய்யிறதைக் காட்டுற கிரியேட்டினின் பார்க்கட்டாம். இதையெல்லாம் அவன் எனக்கு மெசேஜில அனுப்பினான். கோல் எடுத்தன், தூக்கேல்லை.

அவன் கூப்பிடாமலே அடுத்த நாள் நான் அவனோட ஓட்டோவில ஏறினன். ஹவ்லொக் வீதி நெரிசலில ஓட்டோ ஊர்ந்துது. நான் அவன்ர நெத்தியில கை வைச்சுப் பார்த்தன், கால் வீங்கியிருக்கோ எண்டு பார்த்தன், ஒண்டுக்குப் போறது குறைஞ்சு கிடக்கோ எண்டு கேட்டன். முன்னால ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளால பார்த்தான். தம்பிக்கு வெக்கமாப் போச்சு.

"அக்கா, ஒருக்கா பேசாமல் இரு" எண்டான். பிறகு வெளியில பார்த்துக்கொண்டே சொன்னான்: "பெரியக்கா அண்டைக்குத் தர வந்தவ. அவவின்ர உடம்பு விடேல்லை. இத்தினை வருசம் அதை மனசில வைச்சுக்கொண்டு இருந்திட்டு இப்ப ஒரு கோப்பி நீட்டுறா. அதையும் வேண்டாமெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"செத்துப்போனா என்னடா செய்யிறது?"

"நீ கிட்னியைப் பாக்கிறாய். அவ இம்யூனிட்டியைப் பாக்கிறா. என்னை ஆர் பாக்கினம்?"

அவன்ர நெத்தியில திருப்பியும் வைக்கப் போன கையை மடியில போட்டன். லாப்பில ரத்தம் குடுத்தவுடன என்னை வீட்டை போகச் சொல்லிப்போட்டு அவன் புதுக்கடை பஸ்ஸில ஏறிப் போயிட்டான்.

வீட்டை போய் என்ன செய்யிறது? சோறு வைச்சன், அடிப்பிடிச்சுது. துணியைக் காயப்போட்டன், திருப்பி எடுத்து மடிச்சு வைச்சன், பார்த்தா ஈரம். தானாடாட்டியும் தன் தசை ஆடும் எண்டு சொல்லுறது எங்கட சனம். என்ர தசை புதுக்கடையில ஒரு மேசையில இருந்து ஃபைல் கட்டிக்கொண்டிருக்குது, நான் இஞ்ச ஆடிக்கொண்டு நிக்கிறன். பொறுக்கமாட்டாமல் திருப்பி லாப்புக்குப் போனன்.

கவுன்டரில இருந்த பிள்ளை சிங்களத்தில கேட்டாள்: "பேஷன்ட் ஒயாத, அக்கே?"

"நே, மகே மல்லி" எண்டன். நானில்லை, என்ர தம்பி.

ரிப்போர்ட் அவன்ர போனுக்குத்தான் வருமாம். எனக்குத் தரமாட்டினமாம். உள்ளுக்க இருக்கிற சாமான் என்ர எண்டு அவளுக்குச் சொல்ல நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச கடைத்தெருச் சிங்களத்தில அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. தமிழில சொல்லியிருந்தாலும் அவள் தந்திருக்கமாட்டாள். ஆரின்ர ரத்தமோ அவைக்குத்தானே குடுப்பினம்.

அங்கயிருந்து கடற்கரைக்கு இறங்கினன். ரயில் பாதையைத் தாண்டிக் கல்லில இருப்பம் எண்டு பார்த்தா, இருக்க ஏலேல்லை. பாணந்துறைப் பக்கம் போற ரயில் சனம் தொங்கத் தொங்கப் போச்சு. போனை எடுத்துப் பார்த்தன். வைச்சன். திருப்பி எடுத்தன். அப்பிடியே நடந்து அக்காவின்ர ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன், பெல்லடிக்கிற நேரம்தான் நான் இஞ்ச வந்திட்டன் எண்டு விளங்கிச்சு.

அக்கா பயணச் சாமான் அடுக்கிக்கொண்டு நிண்டா. அடுத்த நாள் விடிய பிளைட். மிளகாய்த்தூள், ஒடியல் மா, முறுக்கு எண்டு சூட்கேஸ் வயிறு முட்டிப் போய் சிப் பூட்டுப்படேல்லை. என்னைப் பார்த்த உடன "ரிப்போர்ட் வந்திட்டுதோ?" எண்டவ. இல்லையெண்டு தலையை ஆட்டினன். ரெண்டு பேரும் சிப்போட மல்லுக்கட்டினம். காளான் ரின் மேசையில கிடந்தது.

"இதை என்ன செய்யிறது?" எண்டு கேட்டவ. "நீ எண்டாலும் குடிக்கிறியோ?"

"அக்கா! எனக்கும் ஒண்டுதானே கிடக்கு!"

அவவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. எனக்கும் வந்திட்டுது. சிரிச்சுக்கொண்டு நிண்டவ அப்பிடியே அழத் தொடங்கினா. "நீ குடுத்திட்டாய். நீ கத்தலாம், பேசலாம், உனக்கு உரிமை இருக்கு. நான் என்னத்தைக் குடுக்கிறது? ஒவ்வொரு விண்டரும் ஜன்னலுக்குள்ளால ஸ்னோவைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் யோசிக்கிறனான். கடைசியில குடுத்ததும் நஞ்சாப் போச்சுது."

அவவை ஆறுதல்படுத்தவேணும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா உள்ளுக்க இன்னும் கோவம் கிடந்தது, கோவத்துக்குக் கீழ பயம் கிடந்தது. "நஞ்செண்டு நான் சொல்லேல்லை" எண்டு மட்டும் சொன்னன். அவ கண்ணைத் துடைச்சுப்போட்டு ரின்னைத் தன்ர விண்டருக்கெண்டு சூட்கேசின்ர மூலையில செருகினா. சிப் இன்னும் மோசமாப் போச்சு.

அப்பதான் போன் அடிச்சுது. அவன்தான். எனக்கு விரல் வழுக்கிச்சு.

"என்னடா?"

"ரிப்போர்ட் வந்திட்டுது. டொக்டரோட கதைச்சிட்டுத்தான் உனக்கு எடுக்கிறன். போன முறை இருந்த மாதிரியேதான் கிடக்குதாம். அடுத்த கிழமையும் ஒருக்கா பாக்கட்டாம், பயப்பிட ஒண்டுமில்லையாம்."

எனக்குக் கேட்டது காணாது. நான் மற்றச் சொல்லுக்குக் காத்து நிண்டன். இத்தினை வருசமா அவன் சொல்லுற சொல்லு. பின்னால ஆரோ கேஸ் நம்பர் ஒண்டைக் கத்திக் கேட்டது எனக்குக் கேட்டுது.

"என்ர கிட்னி பாஸ்" எண்டான்.

பகிடியா இல்லை. கோவமாவும் இல்லை. தன்ர பேரைச் சொல்லுற மாதிரிச் சொன்னான். "இரவல் சாமான்" எண்டது எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. பல்லைக் கடிச்சுக்கொண்டு விழுங்கினன். சொன்னா நம்பமாட்டியள், ஒப்பரேசன் மேசையில படுத்த நேரம் கூட எனக்கு இப்பிடி நோகேல்லை.

"சரி" எண்டன். "சாப்பிட்டனியோ?"

"இனித்தான். நீ?"

"இல்லை."

"போய்ச் சாப்பிடு" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டான். குளிசையைப் பற்றி நான் கேக்கேல்லை.

அக்கா சூட்கேசுக்குப் பக்கத்தில கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டா. "என்னவாம்? சொல்லன், என்னவாம்?"

"அவன்ர கிட்னிக்கு ஒண்டுமில்லையாம், அக்கா."

அக்கா "கடவுளே" எண்டு சூட்கேசின்ர மேலயே தொப்பெண்டு இருந்திட்டா. லாப்பால வந்த நேரந்தொட்டு நானும் நிண்டபடிதான். அவவைக் கொஞ்சம் அங்கால தள்ளிப்போட்டுப் பக்கத்தில இருந்தன்.